'லூஸ்' என்ற சொல்: பொருளும் பிறப்பும் பரீட்சைப் பயன்பாடும்

க.பொ.த. (சாதாரண தரம்) – ஆங்கிலம்
சொற்களஞ்சியப் பாடம்



இப்பாடத்தில் நாம் ஒரேயொரு ஆங்கிலப் பெயரடையைப் படிக்கப் போகிறோம். அது 'லூஸ்' என்பது. "இது எங்களுக்குத் தெரிந்த சொல்தானே, இதற்கு ஒரு பாடமா?" என்று நீங்கள் கேட்கலாம். தெரிந்த சொல் என்று நினைப்பதாலேயே பரீட்சையில் இச்சொல்லில் பலர் புள்ளி இழக்கிறார்கள். பாடத்தை முழுவதும் வாசித்து, கடைசியில் உள்ள பயிற்சியையும் செய்து பாருங்கள்.

ஒரு குறிப்பு: இப்பாடத்தில் ஆங்கிலச் சொற்களை வேண்டுமென்றே தமிழ் எழுத்தில் தந்திருக்கிறேன். ஒவ்வொரு சொல்லையும் உங்கள் கொப்பியில் ஆங்கில எழுத்தில் எழுதுங்கள். எழுத்துக்கூட்டலில் ஐயம் வந்தால் அகராதியைப் பாருங்கள். அதுவே உங்களுக்கு முதலாவது பயிற்சி.

1. ஓர் எழுத்தால் போன ஒரு நாள்

2007 ஆம் ஆண்டு நான் சாதாரண தர வகுப்பு மாணவி. எங்கள் வீடு நெடுந்தீவில். என் அண்ணா தன் தேசிய அடையாள அட்டையைத் தொலைத்துவிட்டார். அந்தக் காலத்தில் அட்டை இல்லாமல் வீதியில் இறங்க முடியாது. ஒரு சோதனைச் சாவடியையும் தாண்ட முடியாது. அட்டை தொலைந்ததை எழுத்தில் அறிவிக்க வேண்டியிருந்தது. "நீதானே ஆங்கில ரியூசனுக்குப் போறனி, நீயே எழுது" என்று அம்மா கடதாசியை என்னிடம் தந்தார்.

நானும் பெருமையோடு எழுதினேன். 'தொலைத்துவிட்டேன்' என்பதற்கு 'ஐ லூஸ்ட்' என்று போட்டு, இரண்டு 'ஓ'வும் எழுதினேன். அடுத்த நாள் அம்மாவும் நானும் வள்ளமேறிக் குறிகட்டுவானில் இறங்கி, பஸ் பிடித்து அலுவலகத்துக்குப் போனோம். அங்கிருந்த வயதான எழுதுவினைஞர் கடிதத்தை வாசித்துவிட்டு மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார்.

"பிள்ளை, இதில எழுதியிருக்கிறபடி பார்த்தா அண்ணா அடையாள அட்டையை அவிழ்த்து விட்டிட்டார் எண்டெல்லோ வருது. அது என்ன, மாடோ?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் சிரித்தபடியே ஒரு வெள்ளைத்தாள் தந்தார். "தொலைஞ்சதெண்டு எழுத வேணுமெண்டா, நீ ஒரு 'ஓ'வைத் தொலைச்சுப்போட்டு எழுத வேணும்" என்றார். நான் திருத்தி எழுதி முடிப்பதற்குள் ஒப்பமிட வேண்டியவர் போய்விட்டார். அன்றைய கடைசி வள்ளமும் போய்விட்டது. அம்மாவும் நானும் அன்றிரவு புங்குடுதீவில் மாமி வீட்டில் தங்கினோம். அண்ணா இன்னொரு நாள் வீட்டுக்குள்ளேயே இருந்தார்.

பரீட்சையில் இந்தப் பிழைக்கு ஒரு புள்ளியோ அரைப் புள்ளியோதான் போகும். வெளியே வந்தால் கடிதத்தின் கருத்தே மாறிவிடும். அதனால்தான் ஒரு சொல்லுக்கு ஒரு பாடம்.

2. ஏன் இந்தக் குழப்பம்?

ஆங்கிலத்தில் இரண்டு சொற்கள் உண்டு.

(அ) எல், ஓ, ஓ, எஸ், ஈ – தளர்ந்த, கட்டற்ற. இது பெயரடை. இதை இப்பாடத்தில் இரட்டை-ஓ லூஸ் என்போம்.

(ஆ) எல், ஓ, எஸ், ஈ – இழ, தொலை, தோற்றுப்போ. இது வினை. இதை ஒற்றை-ஓ லூஸ் என்போம்.

இரண்டையும் தமிழில் எழுதினால் 'லூஸ்' என்றே வரும். ஆங்கிலேயர் வாயில் இரண்டும் ஒன்றல்ல. இரட்டை-ஓ லூஸின் முடிவில் வரும் ஒலி, 'பஸ்' என்ற சொல்லின் முடிவில் வரும் 'ஸ்' போன்றது. ஒற்றை-ஓ லூஸின் முடிவில் வரும் ஒலி, தேனீயின் ரீங்காரம் போல அதிர்வது. ஆங்கில அரிச்சுவடியின் கடைசி எழுத்தின் ஒலி அது. அந்த ஒலி தமிழில் இல்லை. எனவே நம் காதுக்கு இரண்டும் ஒன்றாகவே கேட்கின்றன. காது ஒன்றாகக் கேட்டதைக் கையும் ஒன்றாக எழுதிவிடுகிறது.

செய்து பாருங்கள்: தொண்டையில் இரண்டு விரலை வைத்துக்கொண்டு இரண்டு சொற்களையும் சொல்லுங்கள். ஒற்றை-ஓ லூஸின் கடைசி ஒலியில் தொண்டை அதிர வேண்டும். இரட்டை-ஓ லூஸின் கடைசி ஒலியில் அதிரக் கூடாது.

நினைவிற் கொள்க: தளர்ந்த சட்டைக்குள் இடம் கூட. அதனால் அந்தச் சொல்லுக்குள் 'ஓ'வும் கூட. தொலைத்தவரிடம் ஒன்று குறையும். அதனால் அந்தச் சொல்லில் 'ஓ'வும் ஒன்று குறைவு.

3. இரட்டை-ஓ லூஸின் அடிப்படைக் கருத்து

அகராதியைத் திறந்தால் இச்சொல்லுக்குப் பத்துக்கு மேற்பட்ட பொருள்கள் இருக்கும். அவற்றை மனப்பாடம் செய்ய வேண்டாம். எல்லாவற்றுக்கும் அடியில் ஒரே கருத்துத்தான் இருக்கிறது: கட்டு அவிழ்ந்த நிலை.

வாசிப்புப் பகுதியில் இச்சொல்லைக் கண்டவுடன் உங்களை நீங்களே ஒரு கேள்வி கேளுங்கள்:

"இங்கே எது, எதிலிருந்து அவிழ்ந்து நிற்கிறது?"

இக்கேள்விக்கு விடை கண்டால் பொருளும் தானாக வந்துவிடும். நம் தீவுகளில் தினமும் காணும் பொருள்களை வைத்தே பார்ப்போம்.

(அ) பிடி தளர்ந்தவை

குறிகட்டுவான் இறங்குதுறையில் வள்ளம் கட்டப்பட்டிருக்கிறது. கயிறு இறுக்கமாக இல்லாவிட்டால் அது லூஸ் றோப். முடிச்சுத் தளர்ந்தால் லூஸ் நொட். தம்பியின் பாற்பல் ஆடினால் லூஸ் ரூத். மின்குமிழ் விட்டுவிட்டு எரிந்தால் வயர் சரியாகப் பொருந்தவில்லை. அது லூஸ் கனெக்‌ஷன். சைக்கிளில் நட்டு இளகினால் அதுவும் லூஸ்.

தமிழில் கயிறு தொய்யும்; முடிச்சு நெகிழும்; பல் ஆடும்; நட்டு இளகும். ஒவ்வொரு பொருளுக்கும் நாம் வெவ்வேறு வினை வைத்திருக்கிறோம். ஆங்கிலத்தில் இவை அனைத்துக்கும் ஒரே பெயரடை போதும். தமிழிலிருந்து ஆங்கிலத்துக்கு மொழிபெயர்க்கும்போது இதை மறவாதீர்கள். "பல் ஆடுது" என்பதை ஆங்கிலத்தில் 'பல் நடனமாடுகிறது' என்று எழுதிய மாணவர்களும் உண்டு.

(ஆ) உடலைப் பிடிக்காதவை

தொளதொள என்று இருக்கும் சட்டை லூஸ் ஷேர்ட். இங்கே துணி உடலிலிருந்து விலகி நிற்கிறது. பின்னாமல் விட்ட கூந்தலும் லூஸ் ஹெயார்தான்.

(இ) ஒன்றோடொன்று சேராதவை

நயினாதீவு நாகபூசணி அம்மன் கோயிலுக்குப் போகும்போது சிலர் மாலை கொண்டுபோவார்கள். சிலர் உதிரிப்பூக் கொண்டுபோவார்கள். அந்த உதிரிப்பூ, லூஸ் பிளவர்ஸ். பூ நாரிலிருந்து அவிழ்ந்து நிற்கிறது. அதே போல, கொப்பியில் சேராத தனித்தாள் லூஸ் ஷீற். பைக்கற்றில் அடைக்காமல் நிறுத்து விற்கும் தேயிலை லூஸ் ரீ. பொக்கற்றில் கிடக்கும் சில்லறை லூஸ் சேஞ்ச். காலை வைத்தாற் புதையும் கடற்கரை மணல் லூஸ் சாண்ட்.

நெடுந்தீவின் மதில்களை நினைத்துப் பாருங்கள். முருகைக்கற்களைச் சீமெந்தோ சுண்ணாம்போ வைத்துப் பூசாமல், ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக் கட்டிய மதில்கள் அவை. ஆங்கிலத்தில் எழுதுவதானால் அந்தக் கற்களை லூஸ் ஸ்ரோன்ஸ் எனலாம். சாந்து அவற்றைப் பிணைக்கவில்லை என்பதே அதன் பொருள். மதில் பலமற்றது என்பதல்ல. பல தலைமுறைக் காற்றுக்கு நின்ற மதில்களும் அங்கே உண்டு. எனவே 'லூஸ்' என்றால் எப்போதும் குறை என்று எண்ண வேண்டாம்.

(ஈ) கட்டாக்காலிகள்

யாழ்ப்பாணத்தில் 'கட்டாக்காலி' என்ற அருமையான சொல் இருக்கிறது. கட்டப்படாமல் அலையும் மாடு கட்டாக்காலி மாடு. ஆங்கிலத்தில் 'லூஸ் கற்றில்' என்றால் அதே பொருள். நெடுந்தீவில் கட்டுப்பாடின்றி மேயும் குதிரைகள், ஐரோப்பியர் ஆட்சிக்காலத்தில் அங்கே வளர்க்கப்பட்ட குதிரைகளின் வழிவந்தவை. வளர்த்தவர்கள் போய்விட்டார்கள், குதிரைகள் மட்டும் அவிழ்ந்து நிற்கின்றன. 'நெடுந்தீவுக் குதிரைகள்' என்று ஆங்கிலத்தில் ஒரு பந்தி எழுதக் கேட்டால் 'றண் லூஸ்' (கட்டின்றித் திரிதல்) என்ற தொடரைப் பயன்படுத்துங்கள்.

இக்கருத்தில் வரும் முக்கியமான தொடர்கள்:
கம் லூஸ் – கழன்று வருதல்.
பிறேக் லூஸ் – கட்டை அறுத்துக்கொண்டு ஓடுதல்.
லெற் லூஸ் – அவிழ்த்து விடுதல்.

(உ) கண்டிப்பில்லாதவை

சொல்லுக்குச் சொல் ஒட்டாத மொழிபெயர்ப்பு லூஸ் ற்றான்ஸ்லேஷன். யோசியாமல் பேசும் பேச்சு லூஸ் ரோக். இங்கே கயிறு கண்ணுக்குத் தெரியாது. விதி என்ற கயிறு. மூலநூலின் சொற்களிலிருந்து மொழிபெயர்ப்பு அவிழ்ந்து நிற்கிறது. பொறுப்பிலிருந்து பேச்சு அவிழ்ந்து நிற்கிறது.

(ஊ) இரண்டு மரபுத்தொடர்கள்

லூஸ் எண்ட்ஸ்: கட்டாமல் தொங்கும் கயிற்று நுனிகள். கருத்து: முடிக்காமல் விட்ட சில்லறை வேலைகள். 'அற் எ லூஸ் எண்ட்' என்றால் செய்ய வேலையில்லாமல் இருப்பது. பரீட்சை முடிந்த அடுத்த நாள் உங்கள் நிலை அதுதான்.

லூஸ் கனன்: பழைய மரக்கப்பல்களில் பீரங்கியைக் கயிற்றால் இறுக்கிக் கட்டியிருப்பார்கள். புயலில் கட்டு அறுந்தால் அந்தப் பாரம் தளத்தில் அங்குமிங்கும் உருண்டு, சொந்த மாலுமிகளையே நசுக்கும். பிரெஞ்சு எழுத்தாளர் விக்ரர் ஹியூகோ 1874 இல் வெளிவந்த நாவலொன்றில் இத்தகைய ஒரு காட்சியை விரிவாக எழுதியிருக்கிறார். ஊர்காவற்றுறைக்கும் காரைநகருக்கும் இடையே கடலுக்குள் நிற்கும் கடற்கோட்டையை ஒல்லாந்தர் 1658 இல் கைப்பற்றினார்கள். அவர்கள் நம் கடலுக்கு வந்ததும் அவ்வாறு பீரங்கி சுமந்த மரக்கப்பல்களில்தான். இன்று இத்தொடருக்குக் கருத்து: எப்போது என்ன செய்வார் என்று சொல்ல முடியாத, தன் பக்கத்தவருக்கே ஆபத்தான ஆள்.

4. தமிழில் 'லூசு'

நாம் பேச்சில் ஒருவரை 'லூசு' என்கிறோம். ஆங்கிலத்தில் மூளையில் ஓர் ஆணி இளகிவிட்டது என்று பொருள்படும் மரபுத்தொடர் உண்டு. நாமும் "அவனுக்கு நட்டுக் கழன்று போச்சு" என்கிறோம். இரண்டும் ஒரே கற்பனை. ஆனால் இங்கே மூன்று விடயங்களைக் கவனிக்க வேண்டும்.

முதலாவது, ஆங்கிலத்தில் 'லூஸ்' பெயரடை, பெயர்ச்சொல் அல்ல. 'ஹி இஸ் எ லூஸ்' என்று எழுதினால் இலக்கணப் பிழை.

இரண்டாவது, ஆங்கிலத்தில் ஒருவரை வெறுமனே லூஸ் என்றால் 'விசர்' என்ற பொருள் வராது. தப்பி ஓடியவர் என்றோ, ஒழுக்கம் கெட்டவர் என்றோ பொருள்படலாம். முக்கியமாக ஒரு பெண்ணைப் பற்றி அப்படி எழுதினால் அது அவரை இழிவுபடுத்தும் சொல். நண்பியைப் பற்றி விளையாட்டாக எழுதப்போய்ப் பெரும் பிழையில் முடியும்.

மூன்றாவது, மனநோய் ஒரு நோய். அதைக் கேலிப் பெயராக்குவது தமிழிலும் அழகல்ல.

5. சொல்லின் பிறப்பு

இரட்டை-ஓ லூஸ் ஆங்கிலத்தின் சொந்தச் சொல் அல்ல. கடல் வழியே வந்த சொல்.

இங்கிலாந்தின் வடகிழக்குக் கரைக்கு அப்பால் லிண்டிஸ்பாண் என்ற சிறு தீவு இருக்கிறது. கடல் வற்றும்போது தரையோடு சேரும், பெருகும்போது தனியாகும். கி.பி. 793 இல் வைக்கிங்குகள் எனப்படும் வடநாட்டுக் கடலோடிகள் அத்தீவிலிருந்த துறவிகளின் மடத்தைக் கொள்ளையிட்டனர். பின்னர் அவர்களிற் பலர் இங்கிலாந்தின் வடக்கிலும் கிழக்கிலும் குடியேறினர். ஆங்கிலேயருக்கு அயலவராகிக் கலந்தனர். அவர்களுடைய மொழி பழைய நோர்ஸ். அம்மொழியிலிருந்து ஆங்கிலத்துக்கு வந்த சொற்களுட் சில: வானம், முட்டை, கத்தி, யன்னல், சட்டம் ஆகியவற்றைக் குறிக்கும் ஸ்கை, எக், நைப், வின்டோ, லோ. அவற்றோடு வந்ததுதான் 'லௌஸ்' என்ற நோர்ஸ் சொல். கி.பி. 1200 அளவில் அது ஆங்கில எழுத்தில் காணப்படுகிறது. அதுவே இன்றைய இரட்டை-ஓ லூஸ்.

இவை எல்லாம் அன்றாட வீட்டுச் சொற்கள் என்பதைக் கவனியுங்கள். அயலவராக வாழ்ந்தவர்களிடமிருந்தே இத்தகைய சொற்கள் வரும். போர்த்துக்கேயரிடமிருந்து நமக்கு யன்னல், அலுமாரி, மேசை வந்தது போலத்தான்.

6. சொல்லின் உறவினர்

(அ) 'லெஸ்' என்னும் விகுதி

நோர்ஸ் மக்கள் வருமுன்பே ஆங்கிலத்தில் அதே குடும்பத்துச் சொல்லொன்று இருந்தது. அது தனிச்சொல்லாக மறைந்து, விகுதியாக இன்றும் வாழ்கிறது. கெயார்லெஸ் (கவனமற்ற), யூஸ்லெஸ் (பயனற்ற), ஹோம்லெஸ் (வீடற்ற), பியர்லெஸ் (அச்சமற்ற) என்பவற்றின் முடிவில் உள்ள 'லெஸ்' அதுதான். 'குறைவான' என்று பொருள்படும் லெஸ் வேறு சொல், இதற்கு உறவல்ல. எனவே கெயார்லெஸ் என்றால் 'கவனம் குறைந்த' அல்ல, 'கவனத்திலிருந்து அவிழ்ந்த'.

இப்போது தமிழைப் பாருங்கள். 'கவனமற்ற', 'பயனற்ற' என்பவற்றில் உள்ள 'அற்ற' எங்கிருந்து வந்தது? 'அறு' என்ற வினையிலிருந்து. கயிறு அறுந்தது என்கிறோமே, அதே அறு. ஆங்கிலேயர் கட்டை அவிழ்த்தார்கள். நாம் கட்டை அறுத்தோம். இரண்டு மொழியும் ஒரே வழியில் யோசித்திருக்கின்றன. 'லெஸ்' வந்தால் 'அற்ற' என்று மொழிபெயர்க்கலாம் என்பதை இனி மறக்க மாட்டீர்கள்.

(ஆ) ஒற்றை-ஓ லூஸ்

இழத்தல் என்று பொருள்படும் ஒற்றை-ஓ லூஸும் அதே வேரிலிருந்து வந்ததே. பழைய ஆங்கிலத்தில் அழிதல், காணாமற் போதல் என்று அதற்குப் பொருள். நம்மைவிட்டு அவிழ்ந்து போனதையே இழந்தோம் என்கிறோம். நான் அன்று குழப்பிக்கொண்ட இரண்டு சொற்களும் தூரத்து உறவினர் என்பதைப் பல்கலைக்கழகம் போன பின்புதான் அறிந்தேன். உறவினர் என்பதற்காக ஒருவரின் அடையாள அட்டையை மற்றவர் காட்ட முடியாதல்லவா? எழுத்துக்கூட்டலும் அப்படித்தான்.

(இ) விஞ்ஞானத்திலும் கணிதத்திலும்

இக்குடும்பம் இலத்தீன், கிரேக்க மொழிகளிலும் பரந்தது. தளர்த்து, அவிழ் என்னும் பொருளுடைய கிரேக்கச் சொல்லிலிருந்து 'லிசிஸ்' என்ற முடிவு வந்தது. அனாலிசிஸ் (பகுப்பாய்வு), எலெக்ரோலிசிஸ் (மின்பகுப்பு), பராலிசிஸ் (பாரிசவாதம்) ஆகிய மூன்றிலும் ஏதோ ஒன்று அவிழ்கிறது அல்லது தளர்கிறது.

இலத்தீன் வழியாக வந்தவை சொல்வ், சொலூஷன், சொல்வென்ற். விஞ்ஞானத்தில் சொலூஷன் என்றால் கரைசல், கணிதத்தில் தீர்வு. ஒரே சொல்லுக்கு ஏன் இரண்டு பொருள்? உப்பு நீரில் கரையும்போது துணிக்கைகளின் பிணைப்பு அவிழ்கிறது. சமன்பாட்டைத் தீர்க்கும்போது சிக்கல் அவிழ்கிறது. தமிழிலும் 'சிக்கல்' என்பது நூல் முடிச்சுத்தான். 'விடை' என்பது 'விடு' என்பதிலிருந்து பிறந்த சொல்தான். விடை எழுதுவது என்றால் முடிச்சை விடுவிப்பது.

7. அயற் சொற்கள்: ஸ்லாக், லாக்ஸ்

தளர்வைக் குறிக்கும் வேறு இரண்டு பெயரடைகளும் பாடப் பகுதிகளில் வரக்கூடும்.

ஸ்லாக்: இழுவை இல்லாமல் தொய்ந்த. கயிறு, கம்பி ஆகியவற்றுக்கும், மந்தமான வியாபாரத்துக்கும், கவனமெடுக்காத வேலைக்கும் வரும். பயணிகள் குறைந்த காலம் ஸ்லாக் சீசன். இதன் உறவுச்சொல் 'ஸ்லேக்'. தாகத்தின் வேகத்தைத் தணிப்பது ஸ்லேக். சுட்ட சுண்ணாம்புக்கு நீர் ஊற்றும்போது அது கொதித்து, நீறி, வேகம் அடங்குகிறது. விஞ்ஞானப் பாடத்தில் வரும் நீறிய சுண்ணாம்பை (கல்சியம் ஐதரொட்சைட்டு) ஆங்கிலத்தில் 'ஸ்லேக்ட் லைம்' என்பதன் காரணம் இதுவே.

லாக்ஸ்: விதி, ஒழுங்கு, பாதுகாப்பு ஆகியவற்றில் கண்டிப்பு இல்லாத. இலத்தீனிலிருந்து வந்தது. இதன் உறவினரை நாம் தமிழிலேயே தினமும் சொல்கிறோம். 'ரிலாக்ஸ்' பண்ணு, படம் 'ரிலீஸ்' ஆனது, காணியை 'லீசுக்கு' எடுத்தோம். மூன்றிலும் இறுக்கிப் பிடித்ததை விடுவதே கருத்து.

கவனிக்க: ஸ்லாக், லாக்ஸ் இரண்டும் ஒரே வேர். லூஸ் வேறு வேர். பொருள் ஒத்திருப்பதால் உறவு என்று கொள்ளக் கூடாது.

எளிய விதி: பொருள் கழன்றால் லூஸ், கயிறு தொய்ந்தால் ஸ்லாக் அல்லது லூஸ், விதி தளர்ந்தால் லாக்ஸ்.

8. பரீட்சைக்கான சுருக்கம்

இரட்டை-ஓ லூஸ் – பெயரடை. பெயர்ச்சொல்லுக்கு முன்னும், 'இஸ்', 'ஆர்', 'வோஸ்' போன்றவற்றுக்குப் பின்னும் வரும்.
லூஸர் (இரண்டு ஓ) – மேலும் தளர்ந்த.
லூஸ்லி – தளர்வாக. வினையடை.
லூசன் – தளர்த்து. இது வினை. 'முடிச்சைத் தளர்த்து' என்று எழுத வேண்டுமானால் இதையே பயன்படுத்துக.
எதிர்ச்சொல் – ரைற் (இறுக்கமான).

ஒற்றை-ஓ லூஸ் – வினை. இறந்தகாலம் லொஸ்ற். இறந்தகாலத்தில் ஒற்றை-ஓ லூஸோடு 'ட்' ஒலி சேர்த்து எழுதுவது பிழை.
லூஸர் (ஓர் ஓ) – தோற்றவர்.
லொஸ் – இழப்பு. இது பெயர்ச்சொல்.

இரட்டை-ஓ லூஸை வினையாகவும் அகராதியில் காண்பீர்கள். அவிழ்த்து விடு, எய் என்பது அதன் பொருள். அது அரிய வழக்கு. சாதாரண தரத்தில் உங்களுக்குத் தேவைப்படாது. தேவைப்படாத ஒன்றை எழுதித்தான் நான் அண்ணாவின் அட்டையை மாடாக்கினேன்.

9. பயிற்சி

பகுதி 1: பின்வரும் கருத்துக்களை ஆங்கிலத்தில் எழுத இரட்டை-ஓ லூஸ், ஒற்றை-ஓ லூஸ், லொஸ்ற், லூசன் என்பவற்றில் எது வேண்டும்?

1. இந்தச் சப்பாத்து எனக்குத் தொளதொள என்று இருக்கிறது.
2. நாங்கள் நேற்று உதைபந்தாட்டத்தில் தோற்றோம்.
3. வள்ளம் புறப்படுமுன் கயிற்றைத் தளர்த்துங்கள்.
4. கவனம், ரிக்கற்றைத் தொலைத்துவிடாதே.
5. வேலிக்கம்பி கழன்று கிடக்கிறது.
6. புயலில் அவர்கள் வலைகளை இழந்தார்கள்.

பகுதி 2: "எது, எதிலிருந்து அவிழ்ந்து நிற்கிறது?" என்று கேட்டுப் பொருள் எழுதுக.

7. லூஸ் ஷீற்
8. லூஸ் சாண்ட்
9. லூஸ் ற்றான்ஸ்லேஷன்

பகுதி 3: 'லெஸ்' விகுதி சேர்த்து ஆங்கிலத்தில் எழுதுக.

10. நம்பிக்கையற்ற
11. முடிவற்ற
12. மேகமற்ற

பகுதி 4: அடையாள அட்டையைத் தொலைத்துவிட்ட ஒருவர் அதை அறிவித்து ஐந்து வசனங்களில் எழுதும் கடிதத்தை ஆங்கிலத்தில் எழுதுக. எங்கே, எப்போது தொலைந்தது, என்ன உதவி வேண்டும் ஆகியவை இடம்பெற வேண்டும்.

விடைகள்

1. இரட்டை-ஓ லூஸ். 2. லொஸ்ற். 3. லூசன். 4. ஒற்றை-ஓ லூஸ் ('டோன்ற்' என்பதன் பின் வினையின் அடிவடிவம் வரும்). 5. இரட்டை-ஓ லூஸ். 6. லொஸ்ற்.
7. தாள், கொப்பியின் கட்டிலிருந்து. தனித்தாள். 8. மணற்துகள்கள், ஒன்றிலிருந்து ஒன்று. இறுகாத மணல். 9. மொழிபெயர்ப்பு, மூலத்தின் சொற்களிலிருந்து. கருத்தைத் தழுவிய மொழிபெயர்ப்பு.
10. ஹோப்லெஸ். 11. எண்ட்லெஸ். 12. கிளவுட்லெஸ்.

நான்காம் பகுதிக்கு இங்கே விடை தரப்படவில்லை. எழுதி உங்கள் ஆசிரியரிடம் காட்டுங்கள். காட்டுவதற்கு முன் இறந்தகால வினையில் எத்தனை 'ஓ' இருக்கிறது என்று நீங்களே ஒருமுறை எண்ணிப் பாருங்கள். ஒன்றுதான் இருக்க வேண்டும்.

அந்த எழுதுவினைஞரின் பெயரை நான் கேட்கவில்லை. அவர் அன்று சொன்ன ஒரு வசனத்தைத்தான் இன்று இத்தனை பக்கமாக உங்களுக்கு எழுதியிருக்கிறேன். என்றோ ஒருநாள் உங்கள் வீட்டிலும் "நீதானே படிக்கிறனி, நீயே எழுது" என்று கடதாசியைத் தருவார்கள். அன்று உங்கள் கை பிழைக்காதிருக்க வாழ்த்துகள்.